இல்லாத புத்தகம்

கல்லூரி நூலகக் கணினியில் நீலவேணி மறுபடியும் தட்டினாள்: எண்ணூர், இறால், பெண்கள்.

'புத்தகம் எதுவும் இல்லை' என்றது திரை.

"காலைலேர்ந்து இதே பேஜாரா கீதுடி. வா, டீ குடிக்கலாம்," என்றாள் தோழி பூமாரி.

"இருடி, முகத்துவாரம்னு போட்டுப் பாக்குறேன்."

அதிலும் இல்லை. ஆங்கிலத்தில் தேடினாள். அதிலும் இல்லை.

பூமாரிக்குப் பாவமாகிவிட்டது. "வேற காலேஜ்ல கெடைக்கும்டி."

"அய்யோ, வாய வைக்காத!" நீலவேணி சிரித்தபடி எழுந்தாள். "இந்தத் தலைப்புல ஒரு புக் இருந்தாக்கூட, பிஎச்.டி.க்கு வேற தலைப்பு பாருன்னு கைடு சொல்லிட்டாரு. எங்கம்மா சேத்துல கைய வுட்டு எறா புடிக்கிறத யாரும் எழுதல. நாந்தான்டி எழுதப் போறேன்!"