இல்லைன்னாவது சொல்லுங்க

"பொண்ணுக்குக் காது கேக்குமா, கேக்காதா? அத்த மட்டும் சொல்லுங்கம்மா, நான் போயிகினே இருக்கேன்."

கல்லூரியில் ஊனமுற்ற மாணவர்களின் கோப்புகளைக் கவனிக்கும் பொறுப்பு சத்யப்ரியாவிடம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒருவர், கக்கத்தில் மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு, நேர் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எந்தப் பொண்ணுங்க?"

"பானுப்ரியா. பி.காம் ரெண்டாவது வருஷம். என் அக்கா பையனுக்குப் பாத்துகினு இருக்கோம். பையன் செய்யார்ல கம்பெனி வேலை. பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா பின்னாடி இருந்து கூப்ட்டா திரும்பறதில்லைன்னு எங்க வீட்டு லேடீஸுக்கு ஒரு டவுட்டு."

ஆரணியில் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் டீக்கடையில் விசாரிப்பார்கள், எஸ்.டி.டி. பூத்தில் விசாரிப்பார்கள். கல்லூரிக் கோப்பு வரை விசாரிக்க வந்தவரை சத்யப்ரியா இப்போதுதான் பார்க்கிறாள்.

அவர் பேசியது வராந்தாவின் மறுகோடிக்கே கேட்டிருக்கும். அவள் முகத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, வாயை நன்றாகத் திறந்து பேசினார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"பவர்லூம் வச்சிருக்கேன்மா. எட்டுத் தறி ஓடற வீட்ல கத்தாம எப்பிடிப் பேசறது?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். வாய் மட்டும் அதே அளவுக்குத்தான் திறந்தது. தறிக்காரர் பழக்கம் என்று சத்யப்ரியா நினைத்துக்கொண்டாள். பாதி ஊர் இப்படித்தானே பேசுகிறது.

"யாரோட விவரமும் வெளியில சொல்றதில்லைங்க."

"பொண்ணோட அப்பாவே வந்து கேட்டா?"

"அப்பாவே வந்தாலும், பொண்ணு கையெழுத்து போட்டுக் குடுத்தாதான்."

"அப்பனுக்கே இந்தக் கதியா!" என்று மோவாயில் கைவைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? அடுத்து ஒரு போடு போட்டார்.

"சரி, இருந்தா சொல்ல வேணாம். இல்லைன்னா, இல்லைன்னாவது சொல்லுங்க. கல்யாணம் ஜல்தியா முடிஞ்சிடும். நல்ல எடம், உங்களால கெட்டுப் போவணுமா?"

இங்கேதான் சத்யப்ரியா தடுமாறினாள். அவளுடைய பட்டியலில் மொத்தமே பதினோரு பேர். அதில் பானுப்ரியா இல்லை. ஒரே ஒரு 'இல்லை' சொன்னால் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவரும். சொன்னால் குடியா முழுகிவிடும்?

வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இன்றைக்கு இவருக்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டு, நாளைக்கு அந்தப் பதினோரு பேரில் ஒருவரைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது? அப்போது பேசாமல் இருந்தால் அதுவே பதிலாகிவிடுமே. பானுப்ரியாவை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். நீங்க கெளம்புங்க."

"பேஜாரு புடிச்ச ஆபீசா இருக்குதே!"

எழுந்து கதவு வரை போனார். வராந்தாவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு வெளியே போகாமல், கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டுத் திரும்பினார். சத்யப்ரியா மேஜைமேல் இருந்த கனத்த பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

வந்தவர் மஞ்சள் பைக்குள் கையை விட்டு, மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

வகுப்பில் முன்வரிசை இடமும், தேர்வில் கூடுதல் நேரமும் கேட்டு விண்ணப்பம். குறைபாடு, செவித்திறன். பெயர், பானுப்ரியா, பி.காம் இரண்டாம் ஆண்டு. கீழே மாணவியின் கையெழுத்து, முத்து முத்தாக.

"இது எப்படிங்க உங்க கையில?"

"நாலு மாசமா எழுதி வச்சிகினு, ஊருக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயந்துகினு இருந்தாம்மா." இப்போதுதான் அவர் குரல் நிஜமாகவே இறங்கியது. "நீங்க வாய தொறந்துட்டா குடுக்காத வந்துடுன்னு சொல்லித்தான் அனுப்பிச்சா, எம்பொண்ணு."