பென்சிலால் எழுதாத எண்

பென்சில் கிடைக்கவில்லை என்று தேவேந்திரன் பேனாவால் எழுதிவிட்டான்.

சோதனைக்கு வந்த சதைத்துணுக்கை வைக்கும் பிளாஸ்டிக் கூட்டின் மேல் பென்சிலால்தான் எண் போட வேண்டும். ராத்திரி முழுக்க அது ஸ்பிரிட்டில் ஊறும். பேனா மை நிற்காது. இருபது வருஷமாக, லேபுக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பவனே அவன்தான்.

பென்சில், கொக்கி உடைந்த ஜன்னலுக்குக் கொக்கியாக இருந்தது. அதைச் செருகிவிட்டு, ஆள் ஆளாகக் கூட்டிவந்து காட்டியவனும் அவன்தான்.

காலையில் பார்த்தால் இரண்டு கூடுகளும் வெள்ளை வெளேரென்று இருந்தன. எது 41, எது 42 என்று அவற்றுக்கே தெரியாது.

இரண்டிலும் இருந்தது, உள்ளங்காலில் கருப்பாகப் படர்ந்த மச்சத்திலிருந்து எடுத்த மிளகளவுச் சதை. 41 வண்டூர் கிராமத்துப் பெரியவர் காத்தமுத்துவுடையது. மீன் வாங்கிவருவது போல மஞ்சள் பையில் போட்டு அவரே பஸ்ஸில் கொண்டுவந்தார். 42-ஐ லேப் டாக்டர் உமா மகேஸ்வரி கொண்டுவந்து வைத்தார். யாருடையது என்று எழுதிய சீட்டு அவர் இழுப்பறையில் இருந்தது.

தேவேந்திரன் போய் ஒப்புக்கொண்டான். டாக்டர் திட்டவில்லை.

"ரெண்டையும் சீவி சாயம் போடுங்க. ரெண்டும் வெறும் மச்சமா இருந்தா யாருக்கும் பிரச்சினை இல்லை."

திட்டியிருந்தால் மதியச் சாப்பாடாவது இறங்கியிருக்கும். சங்கடத்தை மறைக்க, டாக்டர் அந்த வாரம் ரப்பர் செருப்போடு வந்ததைப் பார்த்து, "என்ன மேடம், ஹேவ்லாக் தீவுக்கு வந்த டூரிஸ்ட் மாதிரி?" என்று கேட்டுவைத்தான். அவர் சிரித்தார்.

நான்காம் நாள், சாயம் ஏறிய கண்ணாடிகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பேர் பார்க்கலாம்.

முதல் கண்ணாடியில் சாதுவான மச்சம்.

இரண்டாவதில் டாக்டர் வெகுநேரம் நின்றார். பிறகு, "பாருங்க" என்றார்.

அடிவரிசையில் அடங்கிக் கிடக்க வேண்டிய செல்கள், செக்கச் செவேலென்று, தென்னை ஏறும் நண்டுகளைப் போல ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. செய்த தப்பெல்லாம் ஒரு நிமிஷம் அவனுக்கு மறந்துபோயிற்று.

"அரே, அழகா இருக்கே மேடம்."

"ஆமா. மெலனோமா, தோல் கேன்சர். அபூர்வமாத்தான் வரும், வந்தா வேகமாப் பரவும். இப்பவே வெட்டி எடுத்தா ஆள் பொழைக்கலாம்."

"இது யார் கால்?"

"நீங்கதான் சொல்லணும்."

அவன் கண்ணை எடுத்துவிட்டான்.

"ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிடணும், இல்லையா?"

"ஒருத்தர்கிட்ட மறுபடி சதை எடுத்தாப் போதும், மத்தது தானாத் தெரிஞ்சிடும். பெரியவரை எதுக்கு அலைய விடணும்? நாப்பத்திரெண்டுகிட்டயே எடுத்துக்கலாம்."

"எங்க இருக்காங்க மேடம் அவங்க? தீவு பேரைச் சொல்லுங்க, முதல் போட்டைப் பிடிச்சுப் போய்க் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வர்றேன்."

"கால்ல எல்லாம் விழாதீங்க. தையல் இருக்கு."

இந்த நான்கு நாளில் எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, தேவேந்திரன் மறுபடியும் கேட்டான்.

"யாரு மேடம் அந்த நாப்பத்திரெண்டு?"

டாக்டர் மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைத்தார். மேசைக்கடியில் இடது கால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"நான்தான். போய் அந்த ஜன்னல்லேருந்து பென்சிலை எடுத்துட்டு வாங்க."