ஹம்மிங்குக்கு முந்தைய மூச்சு

சினிமாப் பாட்டு ஒன்றின் நடுவே வரும் ஹம்மிங் தன்னுடையது என்று கனகவல்லி முப்பது வருஷமாகச் சொல்லிவந்தாள். கூடக் கோரஸ் பாடிய பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள். அம்மா அதைத் துல்லியமாகக் கேட்கட்டுமென்றுதான் மகள் இந்துஜா, ஒலி துளியும் குறையாமல் பாட்டுக் கேட்கும் லாஸ்லெஸ் ஆப்புக்குச் சந்தா எடுத்துக்கொடுத்தாள். முதல் மாதம் இலவசம். கேசட் இரைச்சலில் அமுங்கிக் கிடந்தது ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது: ஹம்மிங் தொடங்குமுன் ஒரு மூச்சு, அதன் நுனியில் மெல்லிய விசில். இளைப்புக்காரி பிலோமினாவின் மூச்சு. ஒலிப்பதிவு அன்றைக்கு “டேக் ஓகே” என்று கனகவல்லியை அனுப்பிவிட்டு, பிலோமினாவைப் பாடவைத்திருக்கிறார்கள்.

“இன்னையோட இலவசம் முடியுதும்மா. நிறுத்திடவா?”

கனகவல்லி ஹெட்போனை முந்தானையால் துடைத்தாள்.

“இன்னும் ஒரு மாசத்துக்குக் கட்டு. ஞாயித்துக்கிழமை பிலோமினா சாப்பிட வர்றா. அவளும் கேக்கட்டும்.”