கிடைக்காத லைன்

மூன்று நாளாகக் கடைப் போனிலிருந்து அடித்து அடித்துச் சுயம்புலிங்கத்துக்கு விரல் வலித்ததுதான் மிச்சம். ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை வீட்டு லைன் எந்நேரமும் எங்கேஜ்டு.

"பொண்ணு பிடிக்கலைன்னா ரிசீவரை எடுத்துக் கீழ வச்சிருவாவ. பொண்ணு கேட்டு நிக்க செட்டியார்பட்டிக்காரவியளுக்குச் சரின்னு சொல்லிரவா?" என்றார் தரகர் காளிராஜ்.

"செத்த பொறும்யா. நேர்லயே கேட்டுட்டு வாரேன்."

வீட்டுக்கு வந்து மகளிடமும் அதைச் சொன்னார். பக்கத்தில் சோறு ஆறிக் கிடக்க, கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சரிப்பா" என்றாள் தமயந்தி.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கியதும் வாசலிலேயே மாப்பிள்ளையின் அப்பா ஐயாதுரை பொரிந்தார்.

"சம்மதம்னு சொல்ல, கடையில இருந்து மூணு நாளா உங்க வீட்டுக்கு அடிக்கேன். பிடிக்கலைன்னா வாயால சொல்லணும். போனை எடுத்துக் கீழ வைக்கலாமாய்யா?"

"நானா? உங்க வீட்டு லைன்தான் கிடைக்கல!"

"அது எம் மகன். இன்டர்நெட்டுன்னு போன் வயரைக் கம்ப்யூட்டர்ல சொருகிக்கிட்டு எந்திரிக்கவே மாட்டேங்கான். வந்து பாரும்."

உள்ளே போனார்கள். மாப்பிள்ளை துள்ளி எழுந்து கை கூப்பினான்.

"வணக்கம் மாமா!"

அவன் முதுகுக்குப் பின்னால் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடியது. சுயம்புலிங்கம் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'தமயந்தி: எங்கப்பா வந்துட்டாங்களா? ஒண்ணும் தெரியாத மாதிரி வணக்கம் சொல்லுங்க.'