கலைமணியின் கரண்டி

"அந்தக் கரண்டியக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லுங்க தலைவரே. எல்லாரும் பாக்கட்டும்."

பால் சொசைட்டிக் கூட்டம் ஆரம்பித்ததுமே தீர்த்தகிரி எழுந்துவிட்டார். கையில் பழைய தண்ணி பாட்டில் நிறைய மோர். அது இல்லாமல் அவர் எங்கேயும் போவதில்லை. ஒரு மடக்குக் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டார்.

கலைமணி கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். சொசைட்டியில் பாலை டெஸ்ட் பண்ணுவது அவள் வேலை. ஊற்ற வருகிற ஒவ்வொருவர் கேனிலிருந்தும் ஒரு கரண்டி சாம்பிள் எடுப்பாள். மெஷினுக்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை. மிச்சப் பால் அவளுக்கு. சொசைட்டி ஆரம்பித்த நாளிலிருந்து டெஸ்டராக இருப்பவருக்கு அதுதான் வழக்கம்.

"பாத்தீங்களா, கொழம்புக் கரண்டிங்க. அம்பது பேரு பால் ஊத்தறோம். ஆளுக்கு ஒரு கரண்டின்னா என்னாச்சு? தெனமும் தூக்குப்போசில ஊத்தி ஸ்கூட்டில மாட்டிக்கிட்டுப் போறா. எங்க தெருப் பக்கந்தான் போறா, என் கண்ணால பாத்திருக்கேன். எவனுக்கு விக்கறாளோ என்னமோ."

இன்னொரு மடக்கு மோர்.

தலைவர் தனசேகர் கலைமணியைப் பார்த்தார். "விக்கறயா சாமி?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னதான் பண்றே?"

"அதச் சொல்ல முடியாதுங்க."

கூட்டம் சலசலத்தது. சொல்ல முடியாத பால் என்ன பால்?

தீர்த்தகிரிக்கு ஒரு கரண்டிப் பால் சின்ன விஷயமில்லை. வருசத்தில் அதிகப் பால் ஊற்றியவருக்குப் பொங்கலன்று சொசைட்டியில் பித்தளை அண்டா கொடுப்பார்கள். போன வருசம் நாலே லிட்டர் வித்தியாசத்தில் ரங்கன் தட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த வருசம் விடக் கூடாது என்று, தீபாவளியிலிருந்து ரெண்டு மாட்டுப் பாலும் மொத்தமாகச் சொசைட்டிக்குத்தான். வீட்டுக்கு ஒரு டம்ளர்கூடக் கிடையாது.

மனைவி பாவாயி கெஞ்சிப் பார்த்தாள். மகள் அகல்யா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், அவளுக்காவது கொஞ்சம் நிறுத்தலாமே என்றாள்.

"பொங்கல் வரைக்கும் பொறுத்துக்க அம்மிணி. அப்பறம் அண்டா நெறயப் பாலு" என்று முடித்துவிட்டார்.

கூட்டத்திலும் அவர் சொன்னதுதான் நடந்தது. இனிமேல் சின்னக் கரண்டி, மிச்சப் பாலைச் சொசைட்டி கேனிலேயே ஊற்றிவிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். கலைமணி அன்றைய தூக்குப்போசிப் பாலையும் சொசைட்டி கேனில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

ஜெயித்த சந்தோஷத்தில் அன்று மத்தியானம் தீர்த்தகிரி ரெண்டு கரண்டி தயிர் கூடுதலாகவே வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் ரசம் சோறு முடிந்தது. மிச்சச் சோற்றில் குழி பண்ணிக்கொண்டு காத்திருந்தார்.

"தயிரு?"

"இல்லீங்க" என்றாள் பாவாயி.

"ஏன், பூனை வாய் வெச்சிருச்சா?"

"நீங்கதானுங்க கூட்டத்துல நிறுத்திப்போட்டு வந்தீங்க."

அவருக்குப் புரியவில்லை. பாவாயி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஊட்ல ஒரு சொட்டு வெக்க உடறதில்ல. இந்த ரெண்டு மாசமா தயிரும் மோரும் எங்கிருந்து வருதுன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? புள்ளைக்கு ரத்தம் கொறவா இருக்குதுன்னு நர்ஸம்மா சொன்னத நான் கலைமணிகிட்டப் பொலம்பினேன். அன்னைலருந்து அவதான் பொறவாசல்ல பால் குடுத்துட்டுப் போறா. அகல்யா குடிச்சது போக மிச்சத்துக்கு ஒறை ஊத்துனேன். அதுதான் உங்க தட்டுக்கு வந்துச்சு."

"அத அங்கயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"எப்படிங்க சொல்லுவா? மாசமா இருக்கற மகளுக்கு ஒரு டம்ளர் பால் குடுக்காத மனுசன்னு அம்பது பேரு முன்னால உங்களச் சொல்லோணுமில்ல?"

தீர்த்தகிரிக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுவரோரம் பாலில்லாத வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்த மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவளோ சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

"உடுங்கப்பா. அண்டா வரட்டும். உங்க பேரப்புள்ளையக் குளிக்க வெச்சுக்கலாம்."

அடுத்த நாள் காலை சொசைட்டி வரிசையில் தீர்த்தகிரி கேனை நீட்டினார். கலைமணி எட்டிப் பார்த்தாள்.

"ஒரு லிட்டர் கொறையுதுங்களே மாமா."

"ஊட்டுக்கு வெச்சுட்டு வந்தேன்" என்றவர், அந்தப் பக்கம் நின்ற தலைவரைச் சத்தமாகக் கூப்பிட்டார். "தலைவரே, இந்தப் புள்ளைக்குப் பழைய கரண்டியவே குடுத்துருங்க. மிச்சப் பாலையும் அவளே கொண்டுட்டுப் போகட்டும்."

"ஏனுங்க, முந்தாநாள் அந்தக் குதி குதிச்சீங்க?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. கலைமணி, வேண்டாம் என்று அவசரமாகத் தலையாட்டினாள். தீர்த்தகிரி கேட்கவில்லை. காலி பாட்டிலை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

"இவளத் திட்டறப்ப நடுநடுவுல மோரு குடிச்சேன் பாருங்க, அந்த மோரே இவ கரண்டிப் பாலுதானுங்க."