ஒன் ஸ்மால் டவுட்

மிஷினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று வகுப்பே கைதட்டியது.

ஸ்டெல்லா தட்டவில்லை. நாற்பத்தாறு வயதில், மகன் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போதாதென்று, இதற்கெல்லாம் கைவேறு தட்ட வேண்டுமா?

ஹைதராபாத், குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனி. ஒரு டிபன் சென்டருக்கு மேலே, மூன்றாவது மாடி. 'செயற்கை நுண்ணறிவு: ஆறு வார அறிமுகம்.' பாடம் நடத்தும் தமிழ்ச்செல்வன் விருதுநகர்க்காரன். போன வருடம் இதே அறையில், இதே மைக்கில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் நடத்தினான். அதற்கு முந்தைய வருடம் ஜாவா. வாசலில் கிழித்துப்போட்ட பழைய பேனரின் கால்வாசி இன்னும் சுவரை விட்டு வரவில்லை.

முதல் வகுப்பில், மிஷின் மனிதனைப் போலவே யோசிக்கிறது என்றான். இரண்டாம் வகுப்பில், மனிதனைவிட நன்றாக யோசிக்கிறது என்றான். மூன்றாம் வகுப்பில் எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லி, தன் பயிற்சி நிலையத்துக்கு ஐந்து ஸ்டார் போடவைத்தான். பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் போட்டார்கள். இந்த அறையில் யோசிக்காமல் இருப்பது மிஷின் மட்டுமில்லை என்று ஸ்டெல்லா அன்றைக்கே முடிவுக்கு வந்துவிட்டாள்.

வேலை போய் நான்கு மாதமாக வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று கணவர் ஜெயச்சந்திரன்தான் அவளை இங்கே பிடித்துத் தள்ளியிருந்தார்.

இன்றைய பாடம், மிஷின் யோசிக்குமா என்பது.

அதை நிரூபிக்க, ஹைதராபாத் கம்பெனி ஒன்று புதிதாக விற்பனைக்கு விட்டிருந்த மென்பொருளை லேப்டாப்பில் திறந்தான். ஓர் அமெரிக்க டாக்டரின் குரலை ஓடவிட்டான். டாக்டர் எதையோ மென்றுகொண்டே நோயாளியின் விவரத்தைச் சொல்ல, மிஷின் அதைத் திரையில் எழுதிக்கொண்டே வந்தது. இன்சுலின் எத்தனை யூனிட் என்று சொல்லும் இடத்தில் பின்னணியில் ஒரு கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மிஷின் நின்றது. எண்ணை எழுதாமல் இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுதியது.

'ஒன் ஸ்மால் டவுட் இஸ் தேர், டாக்டர்' என்று தொடங்கியது குறிப்பு. பதினைந்தா, ஐம்பதா, பேஷண்ட் பாவம், தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று முடிந்தது.

அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

தமிழ்ச்செல்வன் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கூவி முடித்துவிட்டு, ஸ்டெல்லாவுக்காகத் தமிழிலும் ஒருமுறை கூவினான். "பாத்தீங்களாக்கா? இந்த வரிய யாருமே இதுக்குச் சொல்லித் தரல. தானாவே யோசிச்சிருக்கு. பாவம்கூடப் பாக்குது!"

மிஷின் யோசிக்கிறது என்று நம்புகிறவர்கள் கை தூக்கலாம் என்றான். முன் பெஞ்சு ஹர்ஷிதா இரண்டு கையையும் தூக்கினாள். ஸ்டெல்லாவின் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

"என்னக்கா, உங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரலையா?"

"அந்த எடத்த ஒருக்கா கூடப் போடுங்க சார்."

போட்டான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"பதினஞ்சு" என்றாள்.

"மிஷினே தெரியலன்னு சொல்லுது, நீங்க எப்படிக்கா?"

"ஃபிஃப்டின்னா தலையில அழுத்துவாங்க. ஃபிஃப்டீன்னா வாலுல. இந்த டாக்டரு வாலுலதான் அழுத்துறாரு. கதவுச் சத்தம் தலைய மட்டுந்தான் முழுங்கியிருக்கு."

தமிழ்ச்செல்வன் மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். மூன்று முறையும் அவன் காதில் கதவுதான் விழுந்தது.

ஸ்டெல்லா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்த அமெரிக்கக்காரனும் 'ஸ்மால் டவுட் இஸ் தேர்' என்று எழுதமாட்டான். அது அவள் படித்த நாகர்கோவில் கான்வென்ட் இங்கிலீஷ்.

இந்த மென்பொருளை விற்கும் அதே கம்பெனியில் பதினெட்டு வருடம், அமெரிக்க டாக்டர்களின் பேச்சைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்தவள் அவள். சேர்ந்த வருடம் ஒருநாள், பதினைந்தை ஐம்பது என்று அடித்துவிட்டாள். அனுப்பும் நேரத்தில் மேலதிகாரி பிடித்ததால், யாரோ ஒரு முகம் தெரியாத கிழவர் பிழைத்தார். அதற்குப் பிறகு காதில் சரியாக விழாத எண்ணை அவள் ஊகித்து அடித்ததே இல்லை. இடத்தைக் காலியாக விட்டு, அந்த வரியை எழுதிவைப்பாள்.

கடைசி இரண்டு வருடம், மிஷின் எழுதியதைத் திருத்தச் சொன்னார்கள். அப்போது மிஷினுக்கு எதிலும் சந்தேகமே கிடையாது. கதவு சாத்தினாலும் நாய் குரைத்தாலும் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அவள் ஒவ்வொன்றாக அழித்து, ஒவ்வொரு இடத்திலும் அந்த வரியை எழுதினாள். நேரம் வீணாகிறது, இப்படி எழுதாதீர்கள் என்று மூன்று முறை மெயில் வந்தது. அவள் கேட்கவில்லை. மிஷின் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது, இனி நீங்கள் வரத் தேவையில்லை என்று நான்காவது மெயில் வந்தது.

"நீங்க முன்னாடி எங்கக்கா வேலை பாத்தீங்க?" என்று கேட்டான் தமிழ்ச்செல்வன்.

ஸ்டெல்லா லேப்டாப்பைக் கைகாட்டினாள்.

"அதுக்குள்ளதான் சார்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்லைடுக்குப் போனான்.