தூளிப் பக்கத்து நீல விளக்கு

கைக்குழந்தையைக் கொசு கடிக்கிறதென்று செண்பகம் பூச்சிகளைக் கரண்டில் பொசுக்கும் ஒரு நீல விளக்கு வாங்கிவந்து தூளிக்குப் பக்கத்தில் மாட்டினாள். சாயங்காலம் அதில் பட்டென்று சத்தம் கேட்கும்போதெல்லாம், "ஒழிஞ்சுது சனியன்!" என்று அவள் முகம் மலரும். விளக்குக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் சுவர்ப் பல்லி கேட்டது: "உனக்குக் கீழே இருக்கிற தட்டைப் பார்த்தியா? செத்து விழுந்தது அத்தனையும் ஈசலும் அந்துப்பூச்சியும். கொசு ஒண்ணுகூட இல்லை."

விளக்கு பார்த்தது. உண்மைதான்.

"அப்போ கொசுவெல்லாம் எங்கே போகுது?"

"குழந்தையோட மூச்சைத் தேடித் தூளிக்குத்தான் வரும். நான் கயித்துல காத்திருந்து பிடிச்சிடுவேன். நேத்து மட்டும் பதினேழு."

அதற்குள் செண்பகம் துடைப்பத்தோடு ஓடிவந்தாள். "சீ, பிள்ளை மேல விழுந்து தொலைக்கப்போகுது!"

ஓங்கிய அடியில் பல்லியின் வால் அறுந்து தரையில் துடித்தது. பல்லி பரணுக்குள் ஓடி ஒளிந்தது.

அவள் அடுப்படிக்குப் போனதும் விளக்கு மெதுவாகக் கூப்பிட்டது.

"என் முதுகுப் பக்கம் வந்து உட்காரு. அங்கே கரண்டுக் கம்பி இல்லை. தூளியும் எட்டுற தூரம்தான். என்மேல யாரும் துடைப்பத்தை ஓங்க மாட்டாங்க."